குறிப்பிலிருந்து காட்சிக்கு: அகதா கிறிஸ்டியின் மார்பிள் கதைகளில் பெண்களிடையேயான காதல்

பெண்களிடையேயான காதலை இங்கிலாந்துச் சட்டம் தனிக் குற்றமாக வரையறுத்ததில்லை. அதனைக் குற்றமாக்கும் பிரிவு 1921இல் கீழவையில் நிறைவேறியபோதும் பிரபுக்கள் அவை அதை ஏற்கவில்லை. தடைசெய்தால் அறியாத பெண்களும் அறிந்துகொள்வர் என்பது அங்கு முன்வைக்கப்பட்ட வாதங்களுள் ஒன்று. 1928இல் ராட்கிளிஃப் ஹாலின் 'தி வெல் ஆஃப் லோன்லினஸ்' ஆபாச நூல் எனத் தீர்ப்பளிக்கப்பட்டது. வெளிப்படக் கூற இயலாத இச்சூழலில், குறிப்புப் பொருளே வெகுமக்கள் புனைகதைக்கு உகந்த வழியாயிற்று.

1950இல் வெளிவந்த 'எ மர்டர் இஸ் அனவுன்ஸ்டு' நாவலில் ஹின்ச்கிளிஃப், மர்கட்ராய்ட் என்னும் இரு பெண்கள் ஒரே வீட்டில் வாழ்கின்றனர். ஹின்ச்கிளிஃப் ஆண்களைப் போல முடி வெட்டியவர், கால்சட்டை அணிபவர். போருக்குப் பின் அண்டை வீட்டார் உண்மையில் யார் என்று அறிய இயலாத நிலையே இந்நாவலின் மையச் சிக்கல். ஆயினும் இவ்விருவரின் உறவை ஊரார் எவரும் கேள்விக்கு உட்படுத்துவதில்லை. மர்கட்ராய்ட் கொல்லப்பட்டபின் ஹின்ச்கிளிஃப் கொள்ளும் துயரும் சினமும், ஆசிரியர் பெயரிடாத அவ்வுறவின் ஆழத்தை உணர்த்துகின்றன.

குறிப்புப் பொருள் எப்போதும் பரிவுடன் அமைவதில்லை. 'நெமிசிஸ்' (1971) நாவலில், தன் பராமரிப்பில் வளர்ந்த வெரிட்டி மணம்புரிந்து பிரிந்துசெல்வதைப் பொறாத குளோடில்ட் அவளைக் கொல்கிறார். இங்கு அன்பே கொலைக்குக் காரணமாகிறது.

திரையாக்கங்களிலும் இவ்விரு போக்குகளைக் காணலாம். ஜோன் ஹிக்சன் மார்பிளாக நடித்த 1985ஆம் ஆண்டு பிபிசி தொடர், முதல் நாவலின் அடக்கத்தைப் பெரிதும் பேணியது. ஐடிவி 2005இல் அதே கதையை எடுத்தபோது அவ்விருவரையும் வெளிப்படையாகக் காதலர்களாக்கியது. ஆனால், அதற்கு முந்தைய ஆண்டில் அந்நிறுவனமே ஒளிபரப்பிய 'தி பாடி இன் தி லைப்ரரி' வேறு திசையில் சென்றது. 1942ஆம் ஆண்டு மூல நாவலில் கொலையாளிகள் மறைவாக மணம்புரிந்த ஓர் ஆணும் பெண்ணும். திரையில் அவர்கள் காதல் கொண்ட இரு பெண்களாக மாற்றப்பட்டனர்.

எனவே, மறைவிலிருந்து வெளிப்பாட்டுக்கு நகர்வதை மட்டும் வளர்ச்சியெனக் கொள்வது பொருந்தாது. 1950இன் பெயரிடப்படாத காதலுக்குத் துக்கம் கொள்ளும் உரிமை கிடைத்தது. 2004இன் பெயரிடப்பட்ட காதலுக்குக் கொலைப்பழி கிடைத்தது. ஓர் உறவு சொல்லப்படுகிறதா என்பதோடு, கதை அதற்கு எவ்விடத்தை அளிக்கிறது என்பதும் ஆராயத்தக்கது.