யாருக்காகச் செய்த விசைப்பலகை?

பந்திங்கில் இருக்கும் என் பாட்டி வாட்ஸ்அப்பில் எழுதமாட்டார், பேசித்தான் அனுப்புவார். தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவர். எழுத்துக் கூட்டி வாசிப்பார், ஆனால் தட்டத் தெரியாது. போன மாதம் அவர் கைப்பேசியில் குரலை எழுத்தாக்கும் வசதியைப் போட்டுக் கொடுத்தேன். “தவுக்கே கடையில காசு கட்டிட்டேன்யா” என்றார். திரையில் ‘தவளைக்கே கடையில்’ என்று வந்தது. மெதுவாக வாசித்துப் பார்த்துச் சிரித்தார். “இதுக்கு நம்ம பேச்சு புரியல போல” என்று போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

நான் பொறியியல் படித்தவன். மனிதரை மையமாக வைத்த வடிவமைப்பு என்று எங்களுக்கு ஒரு பாடம் இருந்தது. கருவியைச் செய்யும் முன் அதைத் தொடப்போகிற கையைப் பார் என்பதுதான் அதன் சாரம். உதாரணங்கள் எல்லாம் அமெரிக்கா, ஜப்பான் என்றே இருந்தன. ஆனால் அந்தப் பாடத்தின் தமிழ் அத்தியாயத்தில் பெரும்பகுதி நம் தீபகற்பத்தில்தான் நடந்திருக்கிறது.

ஆர். முத்தையா 1886-இல் யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில் பிறந்தவர். 1907-இல் பிழைப்புக்காக மலாயாவுக்கு வந்து குமாஸ்தா வேலை பார்த்தார். அலுவலகத்தில் ஆங்கிலத் தட்டச்சு இயந்திரத்தை அன்றாடம் பார்த்தவருக்கு, இது ஏன் தமிழில் இல்லை என்ற கேள்வி வந்தது. இயந்திரத்தில் இருப்பதோ நாற்பத்துச் சொச்சம் விசைகள். தமிழில் 247 எழுத்துகள். கி, கீ போன்றவற்றில் விசிறி எழுத்தோடு ஒட்டி நிற்க வேண்டும், புள்ளி எழுத்தின் தலைமேல் உட்கார வேண்டும். ஆங்கில இயந்திரத்தில் ஒவ்வொரு தட்டுக்கும் தாள் ஓர் இடம் நகர்ந்துவிடும். முத்தையா கண்ட வழி நகரா விசை. விசிறியைத் தட்டினால் தாள் நகராது. அடுத்துத் தட்டும் எழுத்து அதே இடத்தில் வந்து சேரும். அவருடைய இயந்திரம் ஜெர்மனியில் தயாரானது.

அருமையான தீர்வுதான். ஆனால் புள்ளியை முதலில் தட்டிவிட்டுப் பிறகு எழுத்தைத் தட்ட வேண்டும். நாம் கையால் எழுதும் வரிசைக்கு நேர் எதிர். மாதக்கணக்கில் பயிற்சி எடுத்த தட்டச்சருக்கு அது பழகிவிடும். முத்தையாவின் மனதில் இருந்த மனிதர் அந்தத் தட்டச்சர்தான்.

1985-இல் கோலாலம்பூரில் முத்து நெடுமாறன் ‘முரசு’ மென்பொருளை உருவாக்கினார். இவர் கவிஞர் முரசு நெடுமாறனின் மகன். தொண்ணூறுகளில் அது ‘முரசு அஞ்சல்’ ஆனபோது, விசைப்பலகையின் கேள்வியே மாறியிருந்தது. எந்த எழுத்து எங்கே இருக்கிறது என்று மனப்பாடம் செய்ய வேண்டாம், காதில் கேட்பதை ஆங்கில எழுத்தில் அடித்தால் போதும். இதில் எனக்குப் பிடித்த நுணுக்கம் ஒன்று உண்டு. சொல்லின் முதலில் அடித்தால் ‘ந’ வரும், நடுவில் அதே விசைக்கு ‘ன’ வரும். றன்னகரம் சொல்லுக்கு முதலில் வராது என்ற இலக்கண விதியை மென்பொருள் நமக்காக ஞாபகம் வைத்துக்கொள்கிறது.

இந்த வழி மலேசியத் தமிழர்களிடம் ஏன் இவ்வளவு இயல்பாக ஒட்டிக்கொண்டது? என் யூகம் இது. இங்கே மலாயும் ரூமி எழுத்தில்தான் எழுதப்படுகிறது. தமிழ்ப்பள்ளிப் பிள்ளைக்கும் ஏழு வயதிலேயே ஒலியை ரோமன் எழுத்தில் எழுதும் பழக்கம் வந்துவிடுகிறது. இன்னொரு பழைய கணக்கும் இருக்கிறது. தோட்டத்துக் கிராணிமார் நம் தாத்தா பாட்டிகளின் பெயர்களைக் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதி வைத்தார்கள். முனியாண்டியும் லெட்சுமியும் அடையாள அட்டையில் ஆளுக்கொரு விதமாக இருக்கிறார்கள். அன்று தமிழை இழந்து ஆங்கில எழுத்துக்குப் போன ஒலி, அஞ்சலில் அதே ஆங்கில எழுத்து வழியாகத் தமிழுக்குத் திரும்பி வருகிறது.

சிங்கப்பூரில் இதே காலத்தில் கணினித் தமிழுக்காக உழைத்தவர் சிறுகதை எழுத்தாளர் நா. கோவிந்தசாமி. 1997-இல் அங்கே நடந்த தமிழ் இணைய மாநாட்டின் பின்னணியில் இருந்தவர். 1999-இல் சென்னை மாநாட்டையொட்டி தமிழ்99 விசைப்பலகை தரமாக அறிவிக்கப்பட்டது. உயிர் இடப்பக்கம், மெய் வலப்பக்கம், ஆய்தத்தோடு மொத்தம் 31 விசைகள். ‘க’வை இரண்டு முறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழுந்து ‘க்க’ ஆகும்.

அஞ்சலா தமிழ்99-ஆ என்று இன்றும் நண்பர்கள் சண்டை போடுகிறார்கள். எனக்கு அது தவறான சண்டை. தமிழ்99 தமிழை முதலில் கற்ற கைக்கு. அஞ்சல் ஏற்கெனவே ஆங்கில விசைகளில் பழகிய கைக்கு. 2013-இல் ஐபோனில் தமிழ் விசைப்பலகை வந்தபோது இரண்டுமே சேர்ந்து வந்தன. அதுதான் சரி.

கைப்பேசி வந்தபோது இன்னொரு தடை இருந்தது. ஒரு குறுஞ்செய்தியில் ஆங்கிலம் 160 எழுத்து கொள்ளும். யூனிகோடு தமிழுக்கு 70 இடம்தான். புள்ளியும் கொம்பும் தனித்தனியாக இடம் பிடிக்கும், ‘வணக்கம்’ என்ற ஒரு சொல்லுக்கே 7 போய்விடும். காசு ஒன்று, அளவு பாதிக்கும் கீழே. அந்தச் சூழலில் 2005 பொங்கலன்று முத்து நெடுமாறனின் ‘செல்லினம்’ சிங்கப்பூரில் வெளியானது. தமிழ் அலுவலக மேசையிலிருந்து சட்டைப்பைக்கு வந்தது.

ஒவ்வொரு கட்டத்திலும் கருவி ஒரு மனிதரைக் கற்பனை செய்துகொண்டது. தட்டச்சர், பிறகு கணினிக்காரர், பிறகு கைப்பேசிக்காரர். என் பாட்டி இந்த வரிசையில் ஒருமுறைகூட வரவில்லை. குரல்தான் அவருக்கான முதல் விசைப்பலகையாக இருந்திருக்க வேண்டும். ஆனால் குரலைக் கேட்கும் மென்பொருள், தான் பழகிய குரல்களைத்தான் புரிந்துகொள்ளும். தவுக்கே, பசார், லாலாங் எல்லாம் கலந்த பந்திங் தமிழை யாராவது அதற்குப் பேசிக் காட்டியிருக்க வேண்டும். முத்தையா குமாஸ்தா மேசையிலும் முத்து நெடுமாறன் கோலாலம்பூரிலும் இருந்துகொண்டு செய்தார்கள். வெளியிலிருந்து யாரோ வந்து செய்வார்கள் என்று அவர்கள் காத்திருக்கவில்லை.

இப்போது சனிக்கிழமைகளில் பாட்டியைப் பேசச் சொல்லிப் பதிவு செய்கிறேன். பால் மரக் கதை, பெரட்டுக் கதை, சம்பள நாள் கதை. அருகில் உட்கார்ந்து அவர் சொன்னபடியே எழுதி வைக்கிறேன். பத்து நிமிடப் பேச்சை எழுத ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. போன வாரம் பாட்டி கேட்டார்: “அந்தத் தவளை இன்னும் போகலையா?”

“இல்ல பாட்டி, இன்னும் நெறைய பேசணும்.”