கிறீன்லாந்தில் தொடங்கிய மீன் எண்ணெய்க் கதை

வெளிநாட்டில இருந்து வாற சொந்தக்காரரின் பெட்டிக்குள்ள சொக்லேட்டோட ஒரு மீன் எண்ணெய்க் குளிசைப் போத்தலும் இருக்கும். "கொழுப்புக் குறையும், இதயத்துக்கு நல்லது" எண்டு அம்மம்மாவிடம் கொடுப்பார்கள். இந்த நம்பிக்கை எங்கயிருந்து வந்தது எண்டு தேடிப் போனால், நாங்கள் போய் நிற்கிற இடம் கிறீன்லாந்து.

1970இல் ஹான்ஸ் ஒலாஃப் பாங், யோர்ன் டையர்பேர்க் ஆகிய டென்மார்க் மருத்துவர்கள் அங்கே உம்மனாக் பகுதிக்குப் போனார்கள். கடல்நாய், திமிங்கிலம், மீன் சாப்பிட்டு வாழ்ந்த 130 இனுயிட் மக்களின் இரத்தத்தைச் சோதித்தார்கள். டென்மார்க் ஆக்களை விட அவர்களுக்கு ட்ரைகிளிசரைட் என்ற கொழுப்புக் குறைவு. டென்மார்க்கில் குடியேறிய இனுயிட் மக்களிடம் அந்த வித்தியாசம் இல்லை. அப்படியெண்டால் காரணம் சாப்பாடுதான் என்று நினைத்தார்கள். 1971இல் லான்செட் இதழில் முடிவு வெளிவந்தது.

ஆனால் அவர்கள் அளந்தது இரத்தத்தை மட்டும்தான். இனுயிட் மக்களுக்கு மாரடைப்புக் குறைவு என்பது சுகாதாரப் பதிவுகளில் இருந்து எடுத்த தகவல். மருத்துவரே இல்லாத தூரக் குடியிருப்புகளின் மரணங்கள் அந்தப் பதிவுகளில் ஒழுங்காக வந்திருக்காது எண்டு 2014இல் கனேடிய ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டினார்கள். அதற்குள் குளிசை உலகம் முழுக்கப் பரவிவிட்டது.

ட்ரைகிளிசரைட் குறையிறது உண்மைதான். ஈரல் அதைச் செய்து இரத்தத்துக்குள் விடுகிறதை ஒமேகா 3 குறைக்கும். 2004இல் அமெரிக்கா இதை மருந்தாக அனுமதித்தது. ஆனால் அது டெசிலீற்றருக்கு 500 மில்லிகிராமோ அதற்கு மேலோ உள்ளவர்களுக்கு, நாளுக்கு 4 கிராம். சாதாரணக் கடைக் குளிசையில் ஒமேகா 3 சுமார் 300 மில்லிகிராம்தான். அந்த மருந்தளவுக்குப் பத்துக்கு மேல் விழுங்க வேணும்.

இதயத்துக்கு? 2018இல் 25,871 பேரிடம் தினம் 1 கிராம் கொடுத்துப் பார்த்த ஆய்வில் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை மொத்தமாகப் பார்க்கையில் குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. அதே ஆண்டு, ஆபத்துக் கூடிய 8,179 பேரிடம் சுத்திகரித்த ஒரு வகை ஒமேகா 3ஐ 4 கிராம் கொடுத்தபோது 25 வீதம் குறைந்தது. ஆனால் இரண்டு வகையும் கலந்து 13,078 பேரிடம் செய்த ஆய்வு, பலன் இல்லையென்று 2020இல் இடையிலேயே நிறுத்தப்பட்டது. அதிலும் ட்ரைகிளிசரைட் இறங்கித்தான் இருந்தது! 4 கிராம் கொடுத்த இரண்டு ஆய்விலும் இதயத்துடிப்பு ஒழுங்கு குழம்புகிற ஒரு நோய் கூடியது.

மீன் குழம்பை யாரும் விடத் தேவையில்லை. ஆனால் அந்தப் போத்தலை நம்பி அம்மம்மா கிளினிக்கில தந்த குளிசையை நிப்பாட்டினால், மறிக்க வேண்டியது நாங்கள்தான்.