குடுக்கையும் கஜக்கோலும்: துப்பாக்கியின் துணைக்கருவிகள் கூறும் வரலாறு

1526ஆம் ஆண்டு பானிபட் களத்தில் பாபர் பயன்படுத்திய பீரங்கிகளையும் துப்பாக்கிகளையும் வரலாற்று நூல்கள் தவறாமல் குறிப்பிடுகின்றன. ஆனால் துப்பாக்கி வீரனின் இடைவாரில் தொங்கிய சிறு பொருள்களைப் பற்றி அவை பெரிதும் பேசுவதில்லை. குழல்வாய் வழியே மருந்திட்டுச் சுடும் துப்பாக்கி, துணைக்கருவிகள் இல்லையேல் வெறும் இரும்புக் குழாயே. அக்கருவிகளைச் செய்தவர் யார், பேணியவர் யார், அவை யார் வசம் இருந்தன என்னும் வினாக்கள் நம்மை 1857 வரை இட்டுச் செல்கின்றன.

'பாரூத்' என்னும் அரபுச் சொல் தொடக்கத்தில் வெடியுப்பையே குறித்தது. 1248இல் மறைந்த மூலிகை அறிஞர் இப்னு அல்பைத்தார், 'சீனத்துப் பனி' என்னும் பெயரோடு சேர்த்து அதனைக் குறிப்பிட்டார். 1290களில் மறைந்த ஹஸன் அர்ரம்மாஹ், அவ்வுப்பை மரச்சாம்பல் கொண்டு தூய்மைப்படுத்தும் முறையை எழுதி வைத்தார். அரபு நூல்கள் வெடிக்கலவையை 'தவா', அதாவது மருந்து என்றே அழைத்தன. தமிழிலும் அது 'மருந்து' என வழங்குவது எண்ணி மகிழத்தக்கது.

முகலாய வீரன் ஒரு முறை சுடுவதற்குப் பல பொருள்கள் வேண்டியிருந்தன. பெரிய குடுக்கையில் குழலுக்குரிய மருந்து இருக்கும். சிறிய குடுக்கையில் தீத்துளையருகே கிண்ணத்தில் இடவேண்டிய நுண்மருந்து இருக்கும். குழலுக்குள் தணல் எஞ்சியிருந்தால், குடுக்கையிலிருந்து நேரே கொட்டும் மருந்து குடுக்கையையே வெடிக்கச் செய்துவிடும். ஆகவே அளவுகுழல் ஒன்று இன்றியமையாததாயிற்று. குண்டைத் திணிக்கக் கோல், துளையின் அடைப்பை நீக்க ஊசி, குண்டு வார்க்க அச்சு, வெடியுப்பில் ஊறிய பருத்தித் திரி ஆகியவையும் உடன் இருந்தாக வேண்டும். திரி நனைந்தால் துப்பாக்கி ஊமையாகிவிடும். துணி அளக்கும் கோலைக் குறித்த 'கஜ்' என்ற பாரசீகச் சொல், திணிகோலையும் குறித்தது.

இவற்றுள் நுண்மருந்துக் குடுக்கையே கலைஞனின் கருத்தை மிகவும் கவர்ந்தது. மான், சிங்கம், யானை முதலிய விலங்குகள் ஒன்றையொன்று பற்றியவாறு பிணைந்த உருவங்களை, 17ஆம் நூற்றாண்டுக் கைவினைஞர் யானைத் தந்தத்தில் செதுக்கினர். குஜராத்தில் முத்துச்சிப்பி ஓட்டாலும் குடுக்கைகள் செய்யப்பட்டன. தந்தக் குடுக்கைகள் சில இன்று இலண்டன், நியூயார்க் அருங்காட்சியகங்களில் உள்ளன. காண்போர் செதுக்கலை வியக்கின்றனர். ஆனால் விரலால் அழுத்தினால் சிறிதளவே மருந்தை வெளிவிடும் வில்விசை மூடியிலும் கைவினைஞனின் அறிவு அடங்கியிருக்கிறது.

சுடுவதைவிடப் பேணுவதே கடினம். எரிந்த மருந்தில் ஏறத்தாழப் பாதி கசடாக எஞ்சி, ஈரத்தை ஈர்த்து இரும்பை அரிக்கும். அபுல் ஃபஸ்ல் தம் 'ஆயினே அக்பரி'யில் துப்பாக்கியைத் தூய்மை செய்வதற்கெனத் தனிப் பகுதியே ஒதுக்கியுள்ளார். முன்பு வலிமையான ஒருவன் இரும்புக் கருவிகளுடன் நெடுநேரம் உழைக்க வேண்டியிருந்தது. அக்பர் அமைத்த சக்கரமோ, மாடு ஒன்று சுற்ற, 16 குழல்களைக் குறுகிய நேரத்தில் தூய்மையாக்கியது என்கிறார் அவர். குழலின் உட்புறத்தைக் கடைந்து வழவழப்பாக்கியதையே இது குறிக்கிறது என்று கருதும் அறிஞரும் உளர். 1583இல் அக்பரின் அவைக்கு வந்த ஃபத்ஹுல்லாஹ் ஷீராஸியின் அறிவை இதில் காண்போரும் உண்டு. குழலைச் செய்த கொல்லனின் பெயர், செய்த இடம், காலம் ஆகியன துப்பாக்கியில் பொறிக்கப்பட்டன என்பதும் அந்நூல் தரும் செய்தியே. கைவினைஞன் அங்கே பெயரற்றவனாக இல்லை.

19ஆம் நூற்றாண்டில் இந்த உறவு அறுந்தது. அளந்த மருந்தும் குண்டும் ஒரே காகிதச் சுருளில் அடங்கிய தோட்டா, குடுக்கையையும் அளவுகுழலையும் போருக்குத் தேவையற்றவையாக்கியது. 1853ஆம் ஆண்டு என்ஃபீல்டு துப்பாக்கியும் குழல்வாய் வழியே மருந்திடுவதுதான். ஆனால் அதன் தோட்டாவுக்கு மசகு பூசப்பட்டது. சிப்பாய் அதனைப் பல்லால் கடித்துத் திறக்க வேண்டும். தன் குடுக்கையைத் தானே நிரப்பிய வீரன் அதில் இருந்ததை அறிவான். தோட்டாவோ அந்நிய அரசின் தொழிற்கூடத்திலிருந்து வந்தது. மசகுக்கு எந்த விலங்கின் கொழுப்பு சேர்ந்தது என்பதைக் கம்பெனி அதிகாரிகள் கவனிக்கவில்லை. பசு, பன்றிக் கொழுப்புப் பற்றிய செய்தி 1857 ஜனவரியில் டம்டம்மிலிருந்து பரவியது. பல்லுக்குப் பதில் கையால் கிழிக்கலாம் என்று பின்னர் பிறந்த ஆணை ஐயத்தை வளர்க்கவே செய்தது.

ஏப்ரல் 24 அன்று மீரட்டில் முஸ்லிம்களும் இந்துக்களுமாகிய 85 குதிரைப்படை வீரர்கள் தோட்டாக்களைத் தொட மறுத்தனர். அன்று நீட்டப்பட்டவை பழைய வகையே என்று அதிகாரிகள் கூறியது எடுபடவில்லை. மே 9 அன்று அவர்கள் அணிவகுப்பின் நடுவே விலங்கிடப்பட்டனர். மறுநாள் கிளர்ச்சி வெடித்தது. அவத் இணைப்பு முதலிய வேறு காரணங்களும் அதற்கு இருந்தன என்பதில் ஐயமில்லை. எனினும் திரண்ட கோபத்துக்குத் தீ வைத்தது ஒரு சிறு காகிதச் சுருளே.

கருவியைப் பயன்படுத்துவோன் அதன் உள்ளடக்கத்தை அறியும் உரிமையை இழந்த இடத்தில்தான், மீரட்டின் கதை தொடங்குகிறது. அருங்காட்சியகப் பேழையிலுள்ள தந்தக் குடுக்கை, அவ்வுரிமை வீரனிடம் இருந்த ஒரு காலத்தின் சான்று.