உலோகத்தின்மேல் மை: சிறு பதுமைகளின் வண்ண வரலாறு

கல்லிழைத்த பழைய பதக்கமொன்றைப் பொற்கொல்லர் பழுதுபார்க்கும்போது அருகிலிருந்து பார்த்தவர்கள் ஓர் உண்மையை அறிந்திருப்பர். சிவப்புக் கல்லை அதன் குழியினின்றும் எடுத்தவுடன் கல்லின் ஒளி பெரிதும் குறைந்துவிடும். குழியின் அடியிலே மெல்லிய தகடொன்று மினுங்கிக்கொண்டிருக்கும். ஒளியைத் தந்தது தகடு. நிறத்தைத் தந்தது கல். இரண்டுஞ் சேர்ந்தவிடத்திலேதான் அழகு பிறந்தது.

இன்று மேனாடுகள் பலவற்றில் இளைஞரும் முதியோரும் ஓய்வு நேரங்களிலே விரலளவு உயரமுள்ள போர்வீரர் பதுமைகளை வாங்கி வண்ணந் தீட்டுகின்றனர். கவசத்துக்கு வெள்ளி நிறப் பூச்சுப் பூசி, அது நன்கு உலர்ந்தபின் அதன்மேல் நீர்த்த மையைப் படரவிடுகின்றனர். மங்கிய பதுமை சில நிமிடங்களில் உயிர்பெற்று நிற்கின்றது. இதனை விளையாட்டுப் பிள்ளைகளின் பொழுதுபோக்கு என்று தள்ளிவிடுதல் எளிது. ஆயினும் அந்தச் சிறு தூரிகையின் பின்னே ஏறக்குறைய 900 ஆண்டு வரலாறு நிற்கின்றது. அவ்வரலாற்றைச் சிறிது நோக்குவாம்.

மை செய்யும் வேலை

உலோகப் பூச்சு என்பது சாதாரண வண்ணமன்று. அதனுள்ளே கண்ணுக்குத் தனித்தனியே தோன்றாத நுண்ணிய செதில்கள் மிதக்கின்றன. ஒவ்வொரு செதிலும் ஒரு சிறு கண்ணாடி. அவற்றின்மேல் தடித்த வண்ணத்தைப் பூசினால் கண்ணாடிகள் அனைத்தும் மூடுண்டுவிடும், மினுக்கமும் மறையும். மையோ ஒளியை ஊடுருவவிடுவது. வெளியிலிருந்து வரும் ஒளி மையைக் கடந்து செதிலிற்பட்டுத் திரும்பி, மீண்டும் மையைக் கடந்தே நமது கண்ணை அடைகின்றது. ஒரே நிறத்தினூடாக ஒளி இருமுறை செல்வதனால் நிறம் ஆழம் பெறுகின்றது. கீழிருந்து ஒளிர்வதுபோல் தோன்றுகின்றது.

மைக்கு இன்னொரு குணமும் உண்டு. அது மேட்டினின்றும் வழிந்து பள்ளத்திலே தங்கும். சங்கிலிக் கவசத்தின் வளையங்களுக்கிடையே கருமை நிற்க, வளையங்களின் முகடு வெள்ளியாகவே இருக்கும். பொன் நிறத்தின்மேற் பழுப்பு மையும், வெள்ளி நிறத்தின்மேற் கருமையும் இடுவது வழக்கம். வெள்ளியின்மேற் சிவப்பு, நீலம், பச்சை மைகளை இட்டால் நிறமேற்றிய உருக்குக் கவசம்போல அது விளங்கும்.

ஆனால் பொறுமை வேண்டும். ஒரே முறையிற் கனமாக இட்டால் மை குளமாகத் தேங்கி, உலரும்போது ஓரத்திலே கறையாக நிற்கும். மெல்லிய பூச்சாக இட்டு, அது உலர்ந்தபின் அடுத்ததை இடுதல் வேண்டும். இறுதியில் உயர்ந்த விளிம்புகளை வெள்ளியினால் மீண்டும் தொட்டுவிட வேண்டும். மினுக்கமற்ற மெருகெண்ணெயை மேலே பூசினால் பட்ட பாடெல்லாம் வீணாகும். உலோகம் சாம்பல் நிறமாகிவிடும். சாயத்தாற் செய்த மைகள் வெயிலில் நிறமிழப்பனவாதலின், பதுமையைச் சாளரத்தருகே வைத்தலும் ஆகாது.

துறவி எழுதிய நூல்

12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் யேர்மன் நாட்டிலே தியோபிலஸ் என்னும் பெயர் பூண்ட கிறித்தவத் துறவி ஒருவர் வாழ்ந்தார். அவர் கைத்தொழில்கள் பற்றி இலத்தீன் மொழியில் ஒரு நூல் எழுதினார். வண்ணம், கண்ணாடி, உலோகம் என மூன்று பகுதிகளையுடையது அந்நூல். பொன் தகடு வாங்க வசதியில்லாதவர் வெள்ளீயத்தை மெல்லிய தகடாக அடித்து, குங்குமப்பூச் சாயத்தினால் அதனைப் பொன்னிறமாக்கும் முறையை அதிலே விளக்குகின்றார். பின்னர், எண்ணெயில் நன்கு அரைத்த வண்ணத்தை அத்தகட்டின்மேல் மெல்லியதாகப் பூசி, அடியிலுள்ள ஒளி மேலே தெரியும்படி செய்யும் ஓவிய முறையையும் கூறுகின்றார். ஒளி ஊடுருவும் ஓவியம் என்றே அதற்குப் பெயருமிடுகின்றார். பெயரும் பொருளும் வேறாயினும், இன்று சிறுவன் பதுமைமேல் மை இடுவதும் அதே வித்தையேயாகும்.

இதனிலும் மேலாக நாம் மனங்கொள்ள வேண்டியது அவர் முன்னுரையிற் கூறும் கருத்து. தாம் பெற்ற அறிவைப் பொறாமையினால் மறைத்துவைத்தல் தகாது. இலவசமாகப் பெற்றதை இலவசமாகவே கொடுத்தல் வேண்டும் என்பது அவர் கொள்கை. அந்தக் கொள்கையாலன்றோ அம்முறை நமக்குக் கிட்டியது! அவர் நூலைப் பற்றி 1774இல் அறிஞர் லெசிங் எழுதியபின், கற்றோர் உலகம் அதனை மீண்டும் ஆர்வத்தோடு நோக்கலாயிற்று.

அதே எண்ணம் பல வடிவங்களில் ஐரோப்பாவெங்கும் பரவியிருந்தது. இத்தாலி நாட்டுப் பொற்கொல்லர் குச்சியோ தி மன்னாயா என்பவர் 1290ஐ ஒட்டிப் பாப்பரசர் நான்காம் நிக்கலசுக்காகச் செய்த கிண்ணம் இன்றும் அசிசி நகரில் உள்ளது. வெள்ளியிலே உருவங்களைச் செதுக்கி, அதன்மேல் ஒளி ஊடுருவும் வண்ணக் கண்ணாடியை உருக்கி வார்த்திருக்கின்றார். ஆழமாகச் செதுக்கியவிடத்தில் நிறம் கருத்தும், மேலாகச் செதுக்கியவிடத்தில் வெளுத்தும் நிற்கும். பள்ளத்திலே மை தங்கும் வித்தையும் இதுவும் ஒன்றே. நோர்வே நாட்டுத் தேவாலயங்களில் 13, 14ஆம் நூற்றாண்டுகளில் வெள்ளித் தகட்டின்மேல் மஞ்சள் மெருகெண்ணெய் பூசிப் பொன்போலத் தோற்றுவித்தனர். 1400ஐ ஒட்டி எழுதிய இத்தாலிய ஓவியர் சென்னினோ சென்னினி, பொன், வெள்ளித் தகடுகளின்மேல் எண்ணெயிற் குழைத்த செப்புப் பச்சையையும் அரக்குச் சிவப்பையும் இட்டுப் பட்டாடைகளைத் தீட்டக் கற்பிக்கின்றார்.

அரக்கும் மஞ்சளும்

அரக்குச் சிவப்பு என்றோம். இவ்விடத்திலே கீழ்நாடுகளின் பங்கும் தெரிகின்றது. மரக்கிளைகளில் வாழும் சிறு பூச்சி சுரக்கும் அரக்கு, இந்தியாவிலிருந்து மத்திய காலத்திலேயே ஐரோப்பாவுக்குச் சென்றது. அதிலிருந்து பெற்ற சிவப்புச் சாயம் ஓவியர்க்குப் பயன்பட்டது. ஒளி ஊடுருவும் வண்ணங்களுக்கு ஆங்கிலேயர் வழங்கும் ‘லேக்’ என்னும் பெயரும் இந்த அரக்கின் வடமொழிப் பெயராகிய ‘லாக்ஷா’ என்பதிலிருந்து வழிவழி வந்ததே. சாயம் நீக்கிய அரக்கை மதுசாரத்திற் கரைத்து மெருகெண்ணெய் செய்தனர். 18, 19ஆம் நூற்றாண்டுகளில் தொலைநோக்கி, நுணுக்குக்காட்டி முதலிய கருவிகளின் பித்தளை உறுப்புகளுக்குப் பொன்னிறம் ஊட்டியது இந்த அரக்கு மெருகேயாம். அதனோடு சேர்த்த சாயப் பொருட்களிலே நமது அடுக்களை மஞ்சளும் ஒன்று. நீரிற் கரையாத வரைதல் மைகள் பலவற்றையும் அரக்குக் கொண்டே செய்துவந்தனர். ஆகவே மேனாட்டான் உலோகத்தின்மேல் நிறமேற்றிய வித்தையிலே நமது பக்கத்துப் பொருட்களும் கலந்தே இருந்தன.

நூரன்பேர்க்கு நகரம்

பதுமைகளின் வரலாற்றுக்கு வருவோம். யேர்மன் நாட்டின் நூரன்பேர்க்கு நகரம் விளையாட்டுப் பொருட்களுக்குப் பேர்போனது. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்கு கில்பேர்ட் என்னும் குடும்பத்தார் வெள்ளீயத்தில் தட்டையான போர்வீரர்களை வார்த்தனர். 1839இல் ஏர்னஸ்ட் கைன்றிக்சன் அதே நகரில் தமது தொழிலகத்தை நிறுவினார். அவர் வழங்கிய 30 மில்லிமீற்றர் உயரமே பின்னர் பலரும் பின்பற்றும் அளவாயிற்று. அக்காலத்தில் வண்ணந் தீட்டும் வேலையைப் பெரும்பாலும் பெண்களும் பிள்ளைகளும் வீட்டிலிருந்தே சிறு கூலிக்குச் செய்தனர். பணக்காரப் பிள்ளையின் கையில் மினுங்கிய வீரனுக்கு ஏழைப் பிள்ளையின் கண்ணே ஒளி கொடுத்தது. இதனை நாம் மறத்தலாகாது.

நூரன்பேர்க்கின் அயலிலுள்ள சுவாபாக் நகரம் பொன் தகடு அடிப்பதிலும், பூர்த் நகரம் வெண்கலத் தூள் செய்வதிலும் சிறந்தன. தகரத்தாற் செய்த விளையாட்டு வண்டிகளுக்கு ஒளி ஊடுருவும் சிவப்பு, பச்சை, நீல மெருகுகளை நேரே தகரத்தின்மேற் பூசும் வழக்கமும் யேர்மன் நாட்டில் இருந்தது. துறவி தகட்டின்மேற் செய்ததைத் தொழிற்சாலையும் செய்தது.

ஏழு சிலிங் தூள்

1840ஐ ஒட்டி இலண்டனில் என்றி பெசமர் என்னும் இளம் பொறியியலாளர் வாழ்ந்தார். உருக்கு உற்பத்திக்குப் புதுவழி கண்டு பின்னாளிற் புகழ்பெற்றவர் இவரே. இவருடைய சகோதரி பூக்களை ஓவியமாகத் தீட்டி ஒரு தொகுப்பாக வைத்திருந்தார். அதன் அட்டையிலே பொன்னெழுத்துப் பொறிக்க விரும்பிய பெசமர் கடைக்குச் சென்று வெண்கலத் தூள் வாங்கினார். ஓர் அவுன்சுக்கு ஏழு சிலிங் கேட்டனர். பித்தளையின் விலையோ மிக அற்பம். விலை முழுவதும் கைவேலைக்கே என்பதை அவர் உணர்ந்தார். யேர்மன் நாட்டில் உலோகத்தை மெல்லிய தகடாக அடித்து, தேனுடன் சேர்த்துக் கல்லில் அரைத்தே அத்தூளைச் செய்தனர்.

பெசமர் இதனை இயந்திரத்தாற் செய்ய முனைந்து வெற்றியும் கண்டார். ஆனால் உரிமைப் பத்திரம் பெறவில்லை. பெற்றால் முறை வெளிப்படுமே! இயந்திரத்தின் உறுப்புகளைப் பல ஊர்களிலுள்ள வெவ்வேறு தொழிலகங்களிற் செய்வித்து, தமது மனைவியின் சகோதரரை மாத்திரம் வைத்துக்கொண்டு தொழிலை நடத்தினார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் இரகசியம் காக்கப்பட்டது. அந்தத் தூளின் இலாபமே அவருடைய உருக்கு ஆராய்ச்சிக்கு முதலாயிற்று.

1886இல் அலுமினியத்தை மலிவாகப் பிரித்தெடுக்கும் வழி கண்டுபிடிக்கப்பட்டதும் வெள்ளி நிறப் பூச்சும் எளியோர் கைக்கு எட்டியது. அலுமினியச் செதில் வெள்ளிபோலக் கறுப்பதில்லை. 1893இல் வில்லியம் பிரிட்டன் குடும்பத்தார் இலண்டனில் உள்ளே பொள்ளலான ஈய வீரர்களை வார்க்கத் தொடங்கினர். யேர்மன் பதுமைகளிலும் இவை விலை குறைந்தவை. ஈயத்தின் நச்சுத்தன்மை உணரப்பட்டபின் 1966இல் அவர்கள் ஈயப் பதுமைகளை நிறுத்தினர்.

நொட்டிங்காம் நகரிலே

1975இல் இலண்டனிலே கேம்ஸ் வேர்க்சொப் என்னும் நிறுவனம் தொடங்கிற்று. 1979இல் அதனோடு தொடர்புற்ற சிற்றடல் நிறுவனம் நியூவாக் என்னும் ஊரிற் பதுமை வார்க்கத் தொடங்கியது. 1983இல் ‘வார்காமர்’ என்னும் போர் விளையாட்டு வெளிவந்தது. பின்னர் நொட்டிங்காம் நகரமே இத்தொழிலின் நடுவிடமாயிற்று. வாங்குபவரே வண்ணந் தீட்ட வேண்டியிருந்தமையால், சிறு குப்பிகளில் வண்ணமும் உலோகப் பூச்சும் மையும் விற்கப்பட்டன. நூரன்பேர்க்கில் ஏழைப் பிள்ளை கூலிக்குச் செய்ததை, இங்கே பிள்ளைகள் தமக்காகவே மனமகிழ்ந்து செய்தனர். இவ்வரலாற்றில் மகிழத்தக்க மாற்றம் இதுவே எனலாம். மைகளின் இடத்தை நாளடைவில் மினுக்கமற்ற நீர்த்த நிழல்வண்ணங்கள் பிடித்தன. 2019இல் ஒரே பூச்சில் ஒளியும் நிழலும் தரும் புதுவகை வண்ணங்களும் அதே நிறுவனத்திலிருந்து வந்தன. எனினும் வெள்ளியின்மேல் மை தரும் ஆழத்தை விரும்பி அதனையே நாடுவோர் இன்றும் உளர்.

துடைக்கப்பட்ட ஒளி

இவ்வரலாற்றில் ஒரு துயரமும் உண்டு. செப்புப் பச்சைப் பூச்சு காலப்போக்கிற் பழுப்பாகும். வெள்ளித் தகடு கறுக்கும். மஞ்சள் மெருகு மங்கும். பிற்காலத்தில் பழைய சிற்பங்களையும் ஓவியங்களையும் சுத்தஞ் செய்ய வந்தவர்களிற் சிலர் இந்தப் பூச்சுகளை அழுக்கென்று கருதித் துடைத்துவிட்டனர். கலைஞன் மேலே வைத்த நிறம் போய், அடித்தகடு மாத்திரம் எஞ்சியது. துடைத்தவர் தீயவரல்லர், அவர்க்குச் செய்முறை தெரியாது, அவ்வளவே. பழைய நூல்களையும் ஆராய்ச்சியையும் துணைக்கொண்டு இன்று காப்பாளர்கள் எஞ்சியவற்றைக் கண்டறிந்து காக்கின்றனர்.

பெசமரின் இரகசியம் ஒரு குடும்பத்தைச் செல்வமாக்கியது. துறவியின் நூலோ முகமறியாத பல தலைமுறைகளுக்கு வழிகாட்டியது. பெசமரை நாம் பழிக்க வேண்டியதில்லை. உழைத்துக் கண்டவர், உழைப்பின் பயனை நாடினார். ஆயினும் எழுதிவைத்த அறிவு மனிதனைக் கடந்து வாழும் என்பதும், மறைத்துவைத்த அறிவை அடுத்தவன் அழுக்கென்று துடைத்துவிடக்கூடும் என்பதும் இவ்வரலாறு நமக்குக் காட்டும் உண்மைகள்.

முதியோர்களே, உங்கள் கைகளிலே உள்ள வித்தை எதுவாயினும், வாய்மொழியோடு நிறுத்தாது எழுதிவையுங்கள். இளைஞர்காள், அவர்கள் உள்ளபோதே கேளுங்கள். பழையதொன்று மங்கித் தோன்றினால் துடைக்குமுன் அது என்ன என்று விசாரியுங்கள். பதக்கத்துக் கல்லின் அடியில் வைத்த தகட்டை வெளியிலிருந்து காண்பாரில்லை. அதனை வைத்த கையை அறிந்தவனே கல்லைக் கழற்றவும் மீண்டும் பதிக்கவும் வல்லவன்.