பன்னாட்டுச் சட்ட நிறுவனங்களும் சென்னை வழக்கும்

பன்னாட்டுச் சட்ட நிறுவனம் என்பது பல நாடுகளில் அலுவலகம் வைத்து வணிக நிறுவனங்களுக்குச் சட்ட ஆலோசனை வழங்கும் வழக்கறிஞர் கூட்டாண்மை. அதன் வேலையில் நீதிமன்ற வாதம் சிறு பகுதியே. ஒப்பந்தம் எழுதுதல், நிறுவனங்களின் இணைப்பு, வரி, நடுவர் மன்ற வழக்குகள் ஆகியவையே அதன் வருமானத்துக்கு வழி.

1949இல் ரஸ்ஸல் பேக்கரும் ஜான் மெக்கன்சியும் சிகாகோவில் தொடங்கிய பேக்கர் மெக்கன்சி இவ்வகையில் முன்னோடி. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்கக் கம்பெனிகள் வெளிநாடுகளில் கால் பதித்தபோது அவற்றுடன் இந்நிறுவனமும் போனது. முதல் வெளிநாட்டு அலுவலகம் 1955இல் வெனிசுவேலாவின் கரகாஸில் திறக்கப்பட்டது. போன இடங்களில் உள்ளூர் வழக்கறிஞர்களையே பங்குதாரர்களாகச் சேர்த்துக்கொண்டதுதான் அதன் வளர்ச்சிக்கு முதன்மையான காரணம் எனலாம். பின்னாளில் பன்னாட்டு நாணய நிதியத்துக்குத் தலைமை ஏற்ற கிறிஸ்டின் லகார்ட் 1999இல் இதன் தலைவரானார். லண்டனில் 1987இல் இரு நிறுவனங்கள் இணைந்து கிளிஃபர்ட் சான்ஸ் உருவானது. அதன்பின் இணைப்பே வளர்ச்சிக்குக் குறுக்குவழியாயிற்று.

இந்தியாவில் நிலைமை வேறு. திண்டுக்கல்லில் வக்கீல் ஆபீஸ் என்றால் ஒரு சீனியர், சில ஜூனியர்கள், வக்காலத்தும் வாய்தா தேதியும் பார்த்துக்கொள்ளும் ஒரு குமாஸ்தா என்பதே வழக்கமான அமைப்பு. இதைப் பழமைப் பிடிப்பு என்று மட்டும் சொல்வது சரியாகாது. சட்டமும் அப்படித்தான் இருந்தது. 1956ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டம் கூட்டாண்மையில் 20 பேருக்கு மேல் சேர அனுமதிக்கவில்லை. 2008இல் வந்த வரையறுக்கப்பட்ட பொறுப்புக் கூட்டாண்மைச் சட்டம்தான் இந்தத் தடைக்கு மாற்று வழி தந்தது. விளம்பரம் செய்வதையும், வழக்கறிஞர் அல்லாதவருடன் கட்டணத்தைப் பங்கிடுவதையும் பார் கவுன்சில் விதிகள் தடுக்கின்றன. 1830இல் பம்பாயில் தோன்றிய கிராஃபோர்ட் பெய்லி, 1911இல் கல்கத்தாவில் தோன்றிய கைத்தான் போன்ற பழைய பெயர்கள் பெருநகரங்களில்தான் வேரூன்றின.

1990களில் ஒயிட் அண்ட் கேஸ், சாட்போர்ன், ஆஷர்ஸ்ட் ஆகிய மூன்றும் ரிசர்வ் வங்கியின் அனுமதியோடு இந்தியாவில் தொடர்பு அலுவலகம் திறந்தன. அந்த அனுமதி செல்லாது என்று பம்பாய் உயர் நீதிமன்றம் 2009 டிசம்பரில் தீர்ப்பளித்தது. மறு ஆண்டே வழக்கறிஞர் ஏ.கே. பாலாஜி 30க்கும் மேற்பட்ட வெளிநாட்டு நிறுவனங்களை எதிர்த்துச் சென்னை உயர் நீதிமன்றத்தில் மனுத் தாக்கல் செய்தார். 2012 பிப்ரவரி 21 அன்று வந்த தீர்ப்பு நடுவழி ஒன்றைக் கண்டது: வெளிநாட்டு நிறுவனம் இங்கே தொழில் நடத்தக் கூடாது, ஆனால் தன் நாட்டுச் சட்டம் குறித்து ஆலோசனை சொல்ல அவ்வப்போது வந்து போகலாம், பன்னாட்டு வணிக நடுவர் மன்றங்களுக்கும் வரலாம். 2018 மார்ச் 13 அன்று உச்ச நீதிமன்றம் இதைச் சற்று இறுக்கியது. எப்போதாவது வருவதுதான் அனுமதிக்கத் தக்கது, தொடர்ந்து வந்தால் அது தொழிலே என்றது. நடுவர் மன்றங்களுக்கு வருவதும் முழு உரிமை ஆகாது, விதிகளுக்கு உட்பட்டதே என்றது.

திண்டுக்கல் சமவெளிக்கு இது தொலைதூர விவகாரம் அன்று. வேடசந்தூர்ப் பக்கத்து நூற்பாலை ஒன்று வெளிநாட்டுப் பஞ்சு வாங்கினால், லிவர்பூலில் உள்ள பன்னாட்டுப் பருத்திச் சங்கத்தின் விதிகள் பொருந்தும் என்ற ஒரு வரி பெரும்பாலும் ஒப்பந்தத்தில் இருக்கும். விலை சரிந்து, ஆலை சரக்கை எடுக்க மறுத்தால் தகராறு ஆங்கிலச் சட்டப்படி லிவர்பூலுக்குப் போகும். அங்கே தீர்ப்புச் சொல்பவர்கள் பருத்தி வணிகர்கள். விசாரணை ஆவணங்களின் அடிப்படையில் நடக்கும். கிடைத்த தீர்ப்பை இங்கே நிறைவேற்ற 1996ஆம் ஆண்டின் நடுவர் தீர்ப்புச் சட்டப்படி உயர் நீதிமன்றத்தை அணுக வேண்டும். ஆங்கிலச் சட்டம் அறிந்தவரும் இந்திய வழக்கறிஞரும் ஒரே ஆலைக்குத் தேவைப்படுவது இப்படித்தான்.

2023 மார்ச்சில் பார் கவுன்சில் வெளிநாட்டு நிறுவனங்களுக்கான பதிவு விதிகளை அறிவித்து, 2025 மேயில் திருத்தியது. இந்திய வழக்கறிஞர்களுக்கு அதே வாய்ப்பைத் தரும் நாட்டின் நிறுவனம் பதிவு பெறலாம். பதிவு 5 ஆண்டுகளுக்குச் செல்லும். தன் நாட்டுச் சட்டம், பன்னாட்டுச் சட்டம், பன்னாட்டு நடுவர் மன்றம் ஆகியவற்றோடு அதன் எல்லை முடிகிறது. திண்டுக்கல் மாவட்ட நீதிமன்றத்திலோ உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையிலோ அது வக்காலத்துப் போட முடியாது. ஆலைக்கு நிலம் வாங்கும்போது உரிமைமூலம் ஆராய்வதும் கிரயப் பத்திரம் தயாரிப்பதும்கூட அதற்கு அனுமதிக்கப்படவில்லை.