பொருநைக்கரையில் மறுப்பு நெறி

ஒருவர் கருத்துக்கு விடையெழுதப் புகுவோர்க்கு முதற்கடன், அவர் சொல் எது, தம் சொல் எது எனப் படிப்போர் மயங்காவண்ணம் பிரித்துக் காட்டுதலாகும். இன்று கணினித் திரையில் மறுமடல் எழுதுவோர், முன்னவர் வரியின் முகப்பில் ஒரு குறியிட்டு, அதன்கீழ்த் தம் விடையை வைப்பர். அச்சு நூலார்க்கு மேற்கோட்குறி உண்டு. இவ்விரண்டும் இல்லாத ஓலைச்சுவடிக் காலத்தில் இக்கடனைச் செவ்வனே ஆற்றிய சான்றோர் இருவரைப் பொருநையாற்றின் இரு முனைகளும் தந்தன. கழிமுகத்தை அடுத்த ஆற்றூரினர் எனக் கருதப்படும் சேனாவரையர் ஒருவர். அவ்வூர் சாத்தான்குளத்திற்கு வடகிழக்கே இன்று ஆத்தூர் என வழங்குகிறது. மற்றவர், பாபநாசத்தை அடுத்த விக்கிரமசிங்கபுரத்தில் பிறந்த சிவஞான முனிவர்.

ஓலையில் சொல்லுக்குச் சொல் இடைவெளி இல்லை. பத்திப் பிரிவு இல்லை. மெய்யெழுத்தின் புள்ளியும் பெரும்பாலும் இராது. எதிரி கூற்றும் தம் கூற்றும் ஒரே வரியில் தொடர்ந்தோடும். எழுதுவோன் சிறிது அயர்ந்தால், அவன் மறுத்த கருத்தே அவன் தலையில் ஏறிவிடும். ஆதலின் குறி செய்யவேண்டிய பணியைச் சொல்லே செய்தது. 'என்றாராலெனின்' என்றதும் பிறர் கூற்று முடிந்தது என்பது விளங்கும். 'அற்றன்று' என்றதும் விடை தொடங்கும். 'என்க' என்பதோடு அவ்விடை முடியும். கடாவும் விடையுமாக அமைந்த இவ்வுரைநடையை வாய்விட்டுப் படித்தால், இருவர் எதிரெதிரே அமர்ந்து பேசுவதுபோல் குரல் மாறுவது செவிக்கே புலனாகும்.

தொல்காப்பியச் சொல்லதிகாரத்திற்கு உரைகண்ட சேனாவரையர் 13ஆம் நூற்றாண்டினர் என்பர். அவர் பல இடங்களில் மறுப்பது தமக்கு முன் உரைசெய்த இளம்பூரணரை. 'உரையாசிரியர்' என்னும் மதிப்புப் பெயராலன்றி அவரைச் சுட்டுவதில்லை. மற்றொன்றும் நோக்கத்தக்கது. இளம்பூரணர் உரை முழுவதையும் அவர் பெயர்த்தெழுதவில்லை. தாம் மாறுபடும் கூற்றை மட்டும், அதுவும் சுருக்கி, எடுத்துவைக்கிறார். அதனை அடுத்தே விடை வந்துவிடுகிறது. வினாவைத் தேடிப் படிப்போர் பின்னோக்கி ஏடு புரட்ட வேண்டியதில்லை. பின்வந்த நச்சினார்க்கினியரும் அதே அதிகாரத்திற்கு உரைகண்டு சேனாவரையருடன் மாறுபட்டார். ஒரே நூற்பாவின்கீழ் மூன்று தலைமுறை உரையாடல் இவ்வாறு அடுக்கடுக்காக நிற்கிறது. ஆயினும் எவர் சொல் எவருடையது என்பதில் பெரும்பாலும் குழப்பமில்லை.

1785இல் மறைந்த சிவஞான முனிவர், சேனாவரையரைப் பெரிதும் மதித்தவர்; ஆனால் அவருடைய அடக்கம் இவரிடம் இல்லை. திருவாரூர் வைத்தியநாத தேசிகரின் இலக்கண விளக்கத்தை மறுத்த நூலுக்குச் 'சூறாவளி' என்றே பெயரிட்டார். 'எடுத்து' என்னும் ஒரு சொல்லின் பொருட்டே தனிநூல் செய்து, அச்சொல்லுக்கு வைரக்குப்பாயம் இட்டதாகப் பெயர் சூட்டியவர் அல்லவா! சூறாவளியின் கடுமை வேண்டுமளவிற்கு மேற்பட்டது என்பதை முனிவர்பால் அன்புடையோரும் ஒப்புவர். எனினும் மறுக்கும் இடத்தை எடுத்துக் காட்டியே அவர் மறுத்தார். அதனால், சி.வை. தாமோதரம் பிள்ளை 1889இல் இலக்கண விளக்கத்தை அச்சிட்டபோது, கற்போர் இரண்டையும் அருகருகே வைத்து, தேசிகர்பால் நியாயம் உள்ள இடங்களையும் தாமே காண முடிந்தது.

இம்மரபில் ஒரு குறையும் உண்டு. 'என்பாரும் உளர்' என்று பெயர் சொல்லாது பிறர் கருத்தைச் சுட்டும் வழக்கம் அது. பண்பு கருதியோ, எல்லார்க்கும் தெரிந்ததே என்று எண்ணியோ, அன்று பெயரை விடுத்தனர். காலம் செல்ல, அந்த 'உளர்' யாவர் என்பது மறைந்தது. திருக்குறளுக்குப் பரிமேலழகர் எழுதிய உரையில் இவ்வாறு பெயரின்றி நின்றவர் பலர். ஒட்டப்பிடாரத்து வ.உ. சிதம்பரம் பிள்ளை 1917இல் மணக்குடவர் உரையின் அறத்துப்பாலை அச்சேற்றிய பின்னரே, அவருள் சிலர் கூற்று மணக்குடவருடையது என ஒப்பிட்டறியும் வழி பலர்க்கும் திறந்தது. உரை கிடைக்காத ஏனையோர், மறுத்தவர் எடுத்துவைத்த அரைவரியில் மட்டுமே இன்றும் வாழ்கின்றனர்.