எரிந்த காட்டுக்கு ஒரு பேரேடு



கடந்த பங்குனியில் பூங்காவை ஒட்டிய காலிமனையில் காய்ந்த புல் தீப்பற்றியது நினைவிருக்கும். "முன்பும் இங்கேதான் எரிந்தது" என்றார் ஒருவர். "இல்லை, அது பக்கத்து மனை" என்றார் இன்னொருவர். எந்த வருடம், எவ்வளவு தூரம் பரவியது என்று கேட்டால் யாரிடமும் பதிவு இல்லை. வங்கியில் எழுத்தராகக் காலம் முழுக்கப் பேரேடு எழுதியவனுக்கு இது உறுத்தாமல் இருக்குமா? பெரிய காடுகளை வைத்திருப்பவர்கள் இந்தக் கணக்கை எப்படி வைக்கிறார்கள் என்று தேடிப் படித்தேன். அமெரிக்காவின் கதை சுவையாக இருந்தது.

அந்நாட்டு நிலத்தில் கால் பங்குக்கு மேல் மத்திய அரசுக்குச் சொந்தம். அதிலுள்ள தேசியக் காடுகளைக் கவனிக்க 1905-ல் வனத்துறை அமைந்தது. ஐந்தே ஆண்டில் பெரும் சோதனை வந்தது. 1910 ஆகஸ்ட் 20, 21 தேதிகளில் சூறைக்காற்றோடு சேர்ந்த தீ, ஐடாஹோ, மொன்டானா பகுதிகளில் சுமார் 30 லட்சம் ஏக்கரை விழுங்கியது. 80-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். பெரும்பாலோர் தீயணைக்கப் போனவர்கள். எட் புலாஸ்கி என்ற வன அலுவலர் தன்னோடு இருந்த நாற்பதுக்கும் மேற்பட்டவர்களைப் பழைய சுரங்கம் ஒன்றுக்குள் கொண்டுபோய், பெரும்பாலோரின் உயிரைக் காப்பாற்றினார்.

அந்த அடியைத் துறை மறக்கவில்லை. 1935-ல் ஓர் உத்தரவு பிறந்தது: எங்கே தீ தென்பட்டாலும் மறுநாள் காலை 10 மணிக்குள் அடக்கிவிட வேண்டும். கேட்க நல்ல விதிதான். ஆனால் சிறு தீ எரித்துத் தீர்த்திருக்க வேண்டிய சருகும் சுள்ளியும் பல காடுகளில் ஆண்டுக்கு ஆண்டு குவிந்தன. திரும்பி வராத கடனைப் புதுப்பித்துப் புதுப்பித்து நல்ல கடனாகக் காட்டுவது போலத்தான் இதுவும். ஒருநாள் மொத்தமாக வெளியே வரும்.

இதற்குச் சாட்சி சொன்னவை மரங்கள். பாண்டரோசா பைன் மரத்துக்குத் தடித்த பட்டை. தரையோடு ஓடும் தீ அதைக் கொல்லாது; அடிமரத்தில் வடு மட்டும் விழும். ஆண்டு வளையங்களை எண்ணினால் வடு விழுந்த வருடம் தெரிந்துவிடும். வளையங்களைக் கொண்டு காலம் கணிக்கும் முறையை வளர்த்த டக்ளஸ் ஒரு வானியலாளர். 1937-ல் அரிசோனா பல்கலைக்கழகத்தில் இதற்கென ஆய்வகம் தொடங்கினார். தென்மேற்கில் பல இடங்களில் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை சிறு தீ வந்துபோனதும், 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆடுமாடுகள் புல்லை மேய்ந்து தீர்த்தபின் அது நின்றுபோனதும் வடுக்களில் தெரிந்தது. 1970-களில் பத்து மணி விதி கைவிடப்பட்டது.

வளையம் வருடத்தைச் சொல்லும். பரப்பளவை முழுதாகச் சொல்லாது. அந்தக் குறையை லேண்ட்சாட் செயற்கைக்கோள்கள் தீர்த்தன. பச்சை இலை ஒருவகை அகச்சிவப்புக் கதிரை அதிகம் திருப்பி அனுப்பும். கருகிய நிலம் வேறொரு வகையை அனுப்பும். தீக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களை ஒப்பிட்டால் எங்கே லேசாக, எங்கே கடுமையாக எரிந்தது என்பது தெரியும். வனத்துறையும் புவியியல் ஆய்வுத்துறையும் சேர்ந்து, 1984 முதல் நடந்த பெரிய தீக்களை இப்படி வரைபடமாக்கி வருகின்றன. மேற்கு மாநிலங்களில் 1,000 ஏக்கரும் அதற்கு மேலும், கிழக்கில் 500 ஏக்கரும் அதற்கு மேலும் எரிந்தவை கணக்கில் வரும்.

இதனால் என்ன லாபம்? எந்தச் சரிவில் மழை வந்தால் மண் அரிக்கும், எங்கே கன்று நட வேண்டும், எங்கே நாமே அளவோடு தீ வைத்துச் சருகைக் குறைக்கலாம் என்று முடிவெடுக்கலாம். ஒரே விதி எல்லாக் காட்டுக்கும் பொருந்தாது என்பதும் புரிகிறது. 1988-ல் யெல்லோஸ்டோன் பூங்காவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தீ பரவியபோது பூங்காவே அழிந்தது என்றார்கள். வரைபடத்தில் பார்த்தால் கருகியதும் தப்பியதும் திட்டுத்திட்டாகக் கலந்திருந்தன. அங்குள்ள லாட்ஜ்போல் பைன் மரங்களில் பல, வெப்பம் பட்டால்தான் திறக்கும் கூம்புகளில் விதையை வைத்திருப்பவை. நூறு, இருநூறு ஆண்டுக்கு ஒருமுறை பெருந்தீ வருவது அந்தக் காட்டின் இயல்பு.

சங்க அலுவலகத்தில் 200 பக்க நோட்டு ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். முதல் பக்கத்தில் நம் குடியிருப்பின் வரைபடம். அதில் பங்குனியில் எரிந்த மனையைச் சிவப்பு மையால் குறித்துவிட்டேன். முந்தைய தீயோ, வெள்ளம் ஏறிய மட்டமோ நினைவிருப்பவர்கள் மாலை ஆறு மணிக்கு மேல் வந்து சொல்லுங்கள். வருடம் உறுதியாகத் தெரியாவிட்டால் பென்சிலால் எழுதிக்கொள்கிறேன்.